பத்து மணி பத்து நிமிஷம்

குத்தாலத்தை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, அவன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்து ஒரு தட்டில் எச்சில் துப்பிக்கொண்டிருந்தான். சொன்னால் உங்களுக்குக் குமட்டும். எனக்கும் குமட்டியது. முப்பத்து மூன்று வருஷம் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தவன் நான். ரத்தம், சீழ், வாந்தி எல்லாம் பார்த்தாயிற்று. அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யாது. அவன் துப்புவது மட்டும் ஆகாது. அன்றைக்கென்று இல்லை, நல்லா இருந்த காலத்திலேயே ஆகாது.

குத்தாலம் என் மனைவியின் தம்பி. குற்றாலிங்கம் என்று பெயர், யார் அப்படிக் கூப்பிட்டார்கள்? குத்தாலம்தான். வெற்றிலையும் புகையிலையும் போட்டுப் போட்டுக் கன்னத்தில் புற்று. பேச்சு பாதி காற்றாக வந்தது. பக்கத்தில் அவன் பெண்டாட்டி உலகம்மாள் தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவளை வெளியே போகச் சொல்லி சைகை காட்டினான். அவள் போனாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். அப்போது எனக்கு அது விளங்கவில்லை.

"அத்தான், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளு."

"அன்னைக்கு எங்கப்பா வாட்ச்சு ஏன் பிந்துச்சு?"

இதைத்தான் கேட்டான். சாகப் போகிறவன் பிள்ளையைப் பற்றிக் கேட்பான், வீட்டைப் பற்றிக் கேட்பான். இவன் வாட்ச்சைக் கேட்டான்.

"எண்ணெய் காஞ்சிருக்கும்டே. பழைய வாட்ச்சுல்லா," என்றேன்.

"அரை மணி நேரமா?"

"அரை மணியும் பிந்தும், ஒரு மணியும் பிந்தும்."

"பொறவு எப்படி அத்தான் மறுநாள்லேர்ந்து சரியா ஓடுச்சு?"

"மெஷின்னா அப்படித்தான்."

என்னையே பார்த்தான். கடைவாயிலிருந்து வடிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. "அப்பஞ் சரி," என்று சொல்லி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் வந்துவிட்டேன். மூன்றாம் நாள் காலையில் செய்தி வந்தது.

காப்பி ஆறுகிறது, குடியுங்கள். நீங்கள் கோயமுத்தூரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து என் ஆல்பம் பதினான்கையும் புரட்டி, கடைசியில் இந்த ஒரு படத்தில் விரலை வைத்தீர்கள் பாருங்கள், அதனால்தான் சொல்கிறேன். "கண்காட்சிக்கு இதைத்தான் வாசலில் பெரிசாக வைக்கணும், இதற்குப் பின்னால் ஏதாவது கதை இருக்கா?" என்று கேட்டீர்கள். கதை ஒன்றும் இல்லை. குத்தாலத்தின் வாட்ச் அது, அவ்வளவுதான்.

உங்களுக்குப் படம் பார்க்கத் தெரிகிறது. அதைச் சொல்லவேண்டும். இப்போது எல்லாரும் வாட்ச்சைப் போனில் எடுத்துப் போடுகிறார்களே, கையை ஸ்டியரிங் மேல் வைத்து, காப்பிக் கோப்பை பக்கத்தில் வைத்து, கை முடியெல்லாம் தெரிய. சீ. என்னை ஒரு குழுவில் சேர்த்துவிட்டார்கள். இரண்டு நாள் பார்த்தேன். ஒருவன் குளியலறையில் நின்று எடுத்திருந்தான், கண்ணாடிக்குள் அவன் வயிறு தெரிகிறது. வாட்ச் கண்ணாடி என்பது ஒரு குளம் மாதிரி சார். எதிரில் இருப்பதெல்லாம் அதில் விழும். எடுக்கிறவன் மூஞ்சி அதில் விழக்கூடாது. அதுதான் முதல் பாடம். நான் ஒரு கறுப்பு அட்டையில் லென்ஸ் அளவுக்கு ஓட்டை போட்டு, அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். நாலாயிரம் படம் எடுத்திருக்கிறேன். ஒன்றிலாவது நான் தெரிகிறேனா, பாருங்கள்.

யாரும் சொல்லித் தரவில்லை. எக்ஸ்ரே எடுக்க வருகிறவர்களிடம் சொல்வோம், வாட்ச், மோதிரம், வளையல் கழற்றி வைங்க என்று. கழற்றி என் கையில் தருவார்கள். நான் ஒரு எனாமல் தட்டில் வைப்பேன். ஒரு நாளைக்கு ஏழு, எட்டு வாட்ச். கோயில் நம்பியாரு, வாத்தியாரு, பஸ் கண்டக்டர், எல்லார் வாட்ச்சும் அந்தத் தட்டில் பக்கத்தில் பக்கத்தில் படுத்துக் கிடக்கும். ஒருத்தர் முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, வாட்ச்சைப் பார்த்தால் தெரிந்துவிடும். யாருக்கு வியர்க்கும், யார் சாவி கொடுக்க மறப்பார், பெண்டாட்டி வாங்கிக்கொள்ளக் கை நீட்டினால் யார் தட்டிவிடுவார், எல்லாம் தெரியும். சிங்கப்பூர் போய்வந்த ஒருத்தரிடம் கேமரா வாங்கினேன். எக்ஸ்ரே படம் பார்க்கிற விளக்குப் பெட்டி இருக்கிறதல்லவா, வெள்ளை வெளிச்சம், நிழலே விழாது. அதன் மேல் வைத்து எடுத்துப் பார்த்தேன். அன்றிலிருந்து விடவில்லை.

அவர்களிடம் கேட்டேனா என்கிறீர்களா? எதற்குக் கேட்கணும்? உள்ளே அவர்கள் எலும்பையே எடுத்துக்கொண்டிருக்கிறேன், வெளியே வாட்ச்சை எடுப்பதற்குக் கேட்கணுமா? யாருக்கும் ஒரு கீறல் விழுந்ததில்லை. நானே துடைத்துத்தான் கொடுப்பேன். எடுத்ததைவிட சுத்தமாகத்தான் திரும்பிப் போயிருக்கிறது.

இன்னொரு பாடம், முள். வெளிநாட்டு விளம்பரப் புத்தகம் ஒன்று கிடைத்தது, அதில் பார்த்துக் கற்றுக்கொண்டேன். எந்த வாட்ச்சாக இருந்தாலும் பத்து மணி பத்து நிமிஷம் காட்டவேண்டும். அப்போதுதான் இரண்டு முள்ளும் கையை விரித்த மாதிரி இருபக்கமும் ஏறி நிற்கும், நடுவில் பெயர் மறையாது. நாலு இருபது என்று வைத்துப் பாருங்கள், முகம் தொங்கிப்போகும். அதனால் எது வந்தாலும் சாவியை இழுத்துப் பத்து பத்தில் வைப்பேன், எடுப்பேன், பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துச் சரியான நேரத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். நாலாயிரம் தடவை திருப்பியிருக்கிறேன்.

சரி, ஒரு தடவை விட்டுப்போயிற்று. நாலாயிரத்தில் ஒன்று. அதைப் போய் யாராவது பெரிசாகச் சொல்வார்களா?

அந்த வாட்ச்சைப் பற்றி முதலில் சொல்கிறேன். என் மாமனார் கொழும்பில் கடை வைத்திருந்தார். அங்கே வாங்கிய சுவிட்சர்லாந்து வாட்ச். வீட்டில் சுவர்க் கடிகாரம், அலாரம் எது ஓடினாலும் அந்த வாட்ச்சைப் பார்த்துத்தான் வைப்பார்கள். ரேடியோவில் மணி சொல்லும்போதுகூட மாமனார் வாட்ச்சைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரேடியோக்காரன் சரியாச் சொல்லிட்டான்" என்பார். அப்படி ஒரு திமிர்.

எனக்குப் பெண் பேசும்போது தரகர் என்ன சொன்னார் தெரியுமா? "மாமனாரு தன் கையில கெடக்கிறதையே கழட்டி மாப்பிள்ளைக்குக் கட்டுவாரு." இதை என் அப்பா கேட்டார், அம்மா கேட்டாள், நான் கேட்டேன். கல்யாணத்தன்று மணவறையில் மாமனார் ஒரு புது டப்பாவைத் திறந்தார். தங்க முலாம் பூசின ஒரு வாட்ச். பள்ளிக்கூடப் பையன் கட்டுவது. அவர் கையில் கொழும்பு வாட்ச் அப்படியே மினுங்குகிறது. அதைக் கட்டின கையாலேயே எனக்கு இதைக் கட்டினார். ஆறு மாதத்தில் முலாம் போய், மணிக்கட்டைச் சுற்றிப் பச்சையாகப் படிந்து, அரித்துப் புண்ணாகி, நீர் வடிந்தது. அதற்குப் பிறகு நான் வாட்ச் கட்டியதே இல்லை. இதோ கையைப் பாருங்கள், தழும்பு இன்னும் இருக்கிறது. நான் அதைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. மனதில் வைத்துக்கொள்ளவும் இல்லை. மாமனார் செத்ததும் வாட்ச் குத்தாலத்துக்குப் போயிற்று. பிள்ளைக்குப் போவதுதானே முறை. நான் ஒன்றும் சொல்லவில்லை.

குத்தாலத்துக்கு அப்போது இருபத்தொன்பது வயது. வெல்டிங் படித்துவிட்டு ஒரு பட்டறையில் இருந்தான். கல்யாணமாகி ஒரு வருஷம், உலகம்மாள் மாசமாக இருந்தாள். மஸ்கட்டில் வேலை கிடைத்தது. ஏஜென்ட் பன்னிரண்டு பேரைச் சேர்த்து, பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் தன் பையில் வைத்துக்கொண்டு, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டிலிருந்து வேனில் திருவனந்தபுரம் கூட்டிப் போவதாக ஏற்பாடு. பதினொன்றரைக்கு வேன். ஒரு நிமிஷம் நிற்காது என்று முன்னாலேயே சொல்லிவிட்டான். அப்போது போன் கீன் ஒன்றும் கிடையாது.

அன்று காலையில் ஏஜென்ட், "உன் நெஞ்சு எக்ஸ்ரே கறை பட்டுப்போச்சு, ஏர்போர்ட்ல வம்பு வரும், புதுசா ஒண்ணு எடுத்துட்டு வந்திரு" என்று சொல்லிவிட்டானாம். குத்தாலம் என்னிடம் ஓடி வந்தான். எத்தனை மணிக்கு? பத்து இருபதுக்கு. மைத்துனன் ஆயிற்றே, வரிசையில் நிற்க விடாமல் உள்ளே கூப்பிட்டேன். "சட்டையைக் கழட்டு. செயினைக் கழட்டு. வாட்ச்சையும் கழட்டு," என்றேன்.

நெஞ்சு எக்ஸ்ரேவுக்கு வாட்ச்சைக் கழற்ற வேண்டியதில்லைதான். கழற்றினால் என்ன கெட்டுப்போகிறது?

"பத்திரம் அத்தான், அப்பா வாட்ச்சு," என்று சொல்லிக் கொடுத்தான். என்னிடம் சொல்கிறான், பத்திரம் என்று.

படம் எடுத்தேன். இருட்டறையில் கழுவி, கிளிப்பில் மாட்டித் தொங்கவிட்டேன். அவன் உள்ளே நின்று சட்டை போட்டுக்கொண்டிருந்தான். நான் இந்தப் பக்கம் விளக்குப் பெட்டியில் வாட்ச்சை வைத்தேன். கல்யாணமாகிப் பதின்மூன்று வருஷம் சார். பதின்மூன்று வருஷத்தில் அன்றுதான் அது என் கைக்கு வந்தது. அந்த வெளிச்சத்தில் நீங்கள் அதைப் பார்த்திருக்கவேண்டும். முகப்பு வெண்ணெய் நிறம். முள் நீலம், பெயின்ட் இல்லை, நெருப்பில் வாட்டின நீலம். சாவியை இழுத்துப் பத்து பத்தில் வைத்தேன். ஒரே ஒரு படம். இரண்டாவது எடுக்கத் தேவை இருக்கவில்லை.

சரியான நேரத்துக்குத் திருப்பப் போகும்போது லாரி மோதின கேஸ் ஒன்று வந்துவிட்டது. ஸ்டிரெச்சர், அலறல், கம்பவுண்டர் கூப்பிடுகிறார். அந்த அவசரத்தில் எவனாக இருந்தாலும் மறப்பான். நான் மறந்தேன்.

இல்லை, அதற்கு முன்னால் வாட்ச்சை அவனிடம் கொடுத்துவிட்டேன். கட்டிக்கொண்டான். படம் காய்கிறவரைக்கும் இரண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே இருபது நிமிஷம் நின்றோம். அவன் மஸ்கட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான். "அக்காவுக்கு என்ன அத்தான் கொண்டாரட்டும்?" என்று கேட்டான். பிறகு கையைத் திருப்பி மணி பார்த்தான். "பத்தே காலுதான் ஆவுதா! நான் லேட்டாயிருச்சுன்னுல்லா நெனச்சேன்," என்றான்.

அப்போது சொல்லியிருக்கலாம் என்பீர்கள். எப்படிச் சொல்வது? வாட்ச்சைத் திருப்பினேன் என்று சொன்னால், எதற்குத் திருப்பினீர்கள் என்பான். படம் எடுத்தேன் என்றால், எதற்குக் கழற்றச் சொன்னீர்கள் என்பான். மைத்துனன் முன்னால் அந்தச் சிறுமையை நான் படவேண்டுமா? ஏதாவது சாக்கு சொல்லி ஒரு நிமிஷம் வாங்கித் திருப்பிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் லாரி கேஸ். நான் திரும்பி வரும்போது அவனும் இல்லை, படமும் இல்லை. சரி, போய்விட்டான், பஸ் ஸ்டாண்டில் கடிகாரம் பார்த்துக்கொள்வான் என்று விட்டேன்.

மற்ற எந்த நேரத்தில் விட்டுப்போயிருந்தாலும் அவனே கண்டுபிடித்திருப்பான். மத்தியானம் மூன்று மணிக்கு வாட்ச் பத்து பத்து காட்டினால் குழந்தைக்கும் தெரியும். நான் பத்து பத்தில் வைத்தபோது உண்மை நேரம் பத்து நாற்பத்திரண்டு. முப்பத்திரண்டு நிமிஷ வித்தியாசம் யார் கண்ணுக்குத் தெரியும்? அதற்கு நான் என்ன செய்ய?

அவன் நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. நேரம் கிடக்கிறதே என்று எங்கள் வீட்டுக்குப் போயிருக்கிறான், அக்காவைப் பார்க்க. முதல் நாளே விடைபெற்றாயிற்று, காலில் விழுந்தாயிற்று, அழுதாயிற்று. மறுபடி எதற்கு? சாப்பாட்டு ஆசை. ஆவுடை, என் மனைவி, அன்று சொதி வைத்திருந்தாள்.

எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் பதினொன்று பத்து காட்டியிருக்கிறது. "எலே, நேரமாயிட்டுலா?" என்று அவள் கேட்டிருக்கிறாள். இவன் கையை நீட்டி, "ஒங்க வீட்டு கடியாரம் ஓடுத லட்சணம் தெரியாதா? அப்பா வாட்ச்சப் பாரு, பத்து முப்பத்தெட்டு" என்றிருக்கிறான். அவள் என்ன செய்தாள் தெரியுமா? ஸ்டூல் போட்டு ஏறி, சுவர்க் கடிகாரத்தை அந்த வாட்ச்சைப் பார்த்துத் திருப்பி வைத்தாள். அவள் அப்பா வீட்டுப் பழக்கம். ஓடிக்கொண்டிருந்த நல்ல கடிகாரத்தை! பிறகு இலை போட்டு உட்காரவைத்து, "இன்னும் நேரங் கெடக்கு, இன்னொரு கரண்டி ஊத்திக்கோ" என்று இரண்டாம் தடவை பரிமாறியிருக்கிறாள். அப்படியானால் வேனைத் தவறவிட்டது யார்? நீங்களே சொல்லுங்கள்.

அவன் வாட்ச்சில் பதினொன்றரைக்குப் பஸ் ஸ்டாண்டில் நின்றான். அரை நிமிஷம் பிந்தவில்லை. டீக்கடைக்காரன், "வேன் போயி அரை மணி ஆச்சே தம்பி, ஒம் பேரச் சொல்லி ஹாரன் அடிச்சுப் பாத்தாங்களே" என்றானாம். நாகர்கோவில் பஸ் பிடித்து, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, ஏர்போர்ட் போய்ச் சேரும்போது ஆறரை. விமானம் போய்விட்டது. ஏஜென்ட் மறுபடி அவனைச் சீண்டவில்லை. நேரத்துக்கு வராதவனை எவன் அனுப்புவான்?

நான் மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். சுவரில் மணி பன்னிரண்டரை. அதே நேரம் பக்கத்து வீட்டு ரேடியோ ஒரு மணி என்றது. ஆவுடை கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அவன் வாட்ச்ச நீங்க தொட்டீங்களா?"

"நான் ஏன் தொடுதேன்?" என்றேன்.

மூன்று வாரம் கழித்து ஸ்டுடியோவிலிருந்து படங்கள் வந்தன. அவள்தான் வாங்கி வந்தாள். இந்தப் படத்தின் கீழ் ஓரத்தில் ஆரஞ்சு நிறத்தில் எண்கள் இருக்கிறதல்லவா, பத்தொன்பது, பத்து, நாற்பத்திரண்டு. தேதி, மணி, நிமிஷம். அந்தக் கேமரா தானாகப் போட்டுவிடும். அணைக்க எனக்குத் தெரியவில்லை, புத்தகம் ஜப்பான் எழுத்தில் இருந்தது. வாட்ச் பத்து பத்து என்கிறது, ஓரத்தில் பத்து நாற்பத்திரண்டு என்கிறது. அவள் இரண்டையும் பார்த்தாள். படத்தைக் கவிழ்த்து என் மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு என் ஆல்பம் எதையும் அவள் தொட்டதில்லை. தூசி தட்டக்கூட இல்லை. நானே தட்டிக்கொண்டேன்.

குத்தாலம் ஒரு எடை மேடையில் லாரிக்குச் சீட்டு எழுதுகிற வேலையில் போய் உட்கார்ந்தான். வெல்டிங்கையும் விட்டான். ஊரில் அவனுக்குப் பெயரே 'வேனு' என்று ஆயிற்று. கல்யாண வீட்டில் எவனாவது பிந்தி வந்தால், "என்னடே, குத்தாலத்துக்கிட்ட மணி கேட்டியா?" என்பார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரிப்பான். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே எனக்கு வெறுப்பாக இருக்கும். குடித்தான், வெற்றிலை போட்டான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டில் சாப்பாடு. சாப்பிட்டுவிட்டு எங்கள் தொட்டியில் துப்புவான், சிவப்பாக. தண்ணீர் ஊற்றமாட்டான். பிறகு நாற்காலியில் சாய்ந்து ஆரம்பிப்பான்: "நான் மட்டும் அன்னைக்கு வேன்ல ஏறியிருந்தம்னா…" இருபது வருஷம் இதே பாட்டு. கேட்கிறவன் காது என்ன ஆகும்? ஒரு மனுஷன் ஒரு வேனைத் தவறவிட்டால் அடுத்த வேனைப் பிடிக்கவேண்டும். அவனைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

ஆவுடைக்கு உடம்பு முடியாமல் போன வருஷம், அவன் அந்தப் பாட்டை நிறுத்தினான். திடீரென்று. ஒருவழியாகப் புத்தி வந்தது என்று நினைத்தேன். அவள் போனபிறகும் ஞாயிற்றுக்கிழமை வருவான். ஒரு முழம் பிச்சிப்பூ வாங்கி வந்து அவள் படத்துக்குப் போடுவான். நான் பொங்கினதைச் சாப்பிடுவான். பிறகு எதிரில் உட்காருவான். பேசமாட்டான். வாட்ச்சைக் கழற்றி இந்த மேஜையில், எனக்கும் அவனுக்கும் நடுவில் வைப்பான். சும்மா வைப்பான். ஒரு மணி நேரம் அப்படி இருந்துவிட்டு, "அப்ப வாரேன் அத்தான்" என்று எடுத்துக் கட்டிக்கொண்டு போவான். ஏழு வருஷம். எனக்கு ஒரே எரிச்சல். படம் எடுக்கச் சொல்கிறானோ என்றுகூட நினைத்தேன். கண்ணாடியெல்லாம் கீறல், எதை எடுக்க?

இப்போது கேளுங்கள், என்னை எப்படி நடத்தினார்கள் என்று. குத்தாலத்தின் பதினாறாம் நாள் விசேஷத்துக்குப் போனேன். பந்தியில் கூட்டம், பாயசத்துக்கு அடித்துக்கொள்கிறார்கள், எச்சில் இலைமேல் ஈ. சாப்பிடப் பிடிக்கவில்லை. உள்ளே போனேன். குத்தாலத்தின் படத்துக்கு முன்னால் அந்த வாட்ச்சை வைத்திருந்தார்கள். யாரோ கண்ணாடி மாற்றியிருந்தார்கள், புதுசு. ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுகிறது. முப்பது வருஷம் கழித்து அதே வாட்ச், இப்போது என்னிடம் நல்ல கேமரா இருக்கிறது. அதே பத்து பத்தில் இன்னொன்று எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். உங்களுக்கு இது புரியும்.

"உலகம்மா, இதை ரெண்டு நாளைக்குக் குடு. படம் எடுத்துட்டுத் தாரேன்," என்று கையை நீட்டினேன்.

அவன் மகள் வடிவு பக்கத்தில் நின்றாள். "மாமா, கைய எடுங்க," என்றாள்.

"என்னம்மா?"

"கைய எடுங்கன்னு சொன்னேன்."

உலகம்மாள் வந்து வாட்ச்சை எடுத்து முந்தானையில் சுற்றிக்கொண்டாள். சத்தம் போடவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"அண்ணே, அவுகளுக்குத் தெரியும்ணே."

"என்ன தெரியும்?"

"மதினி சாவதுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லிட்டாக. நீங்க எடுத்த படம், கீழ இருக்கிற நம்பரு, எல்லாம். அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவுக அழுத அழுகை இன்னும் எங் காதுல கெடக்கு. நான் கெளம்பி வந்து ஒங்களக் கேக்கதா இருந்தேன். விடலை. 'அத்தான் சொல்லட்டும். அவரு வாயால சொன்னா போதும், நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்'னாக. ஞாயித்துக்கெழம தோறும் அதுக்குத்தான் வந்தாக. இன்னைக்குச் சொல்லுவாரு, இன்னைக்குச் சொல்லுவாருன்னு. கடைசியா ஆஸ்பத்திரியில வச்சு, வாயத் தெறக்க முடியாத நெலமையில, அவுகளே கேட்டுப் பாத்தாக. என்னண்ணே சொன்னீக? எண்ணெய் காஞ்சிருச்சுன்னுல்லா சொன்னீக?"

பந்தியிலிருந்து இரண்டு பேர் எழுந்து வந்து நின்று கேட்கிறார்கள், கையில் பாயசம் வடிய.

நான் வந்துவிட்டேன். வழியில் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்தேன், யோசிக்க யோசிக்க அருவருப்பாக வந்தது. தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறான் பாருங்கள்! பதில் கையில் இருக்கும்போது கேள்வி கேட்கிறவன் எப்படிப்பட்டவன்? ஏழு வருஷம் என் சோற்றைத் தின்று, என் எதிரில் உட்கார்ந்து, என்னைச் சோதித்திருக்கிறான். சாகிற நேரத்தில்கூட என்னைப் பரீட்சை வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஆவுடை அவனிடம் சொன்னாளே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே? 'எனக்குத் தெரியும், அவனிடம் சொல்லிவிடுங்கள்' என்று சொல்லியிருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேனா? முப்பத்து நாலு வருஷம் கூட வாழ்ந்தவள். எல்லாரும் சேர்ந்து என்னை ஒரு அறையில் விட்டு வெளியே நின்று பார்த்திருக்கிறார்கள்.

சொல்லியிருந்தால் மட்டும் என்ன? மஸ்கட் விமானம் திரும்பி வந்திருக்குமா?

நீங்கள் ஏன் படத்தைக் கீழே வைத்துவிட்டீர்கள்? எடுத்துப் போங்கள். நல்ல படம். நாலாயிரத்தில் இதுதான் நல்ல படம், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. உங்கள் கையில் இருக்கிறதும் நல்ல வாட்ச்தான், கண்ணாடியில் விரல் ரேகை இருக்கிறது, துடைத்துக்கொள்ளுங்கள். கழற்ற வேண்டாம், வேண்டாம், நான் கேட்கவில்லை. படத்துக்குக் கீழே என் பெயரைப் போடுங்கள். அந்த ஆரஞ்சு எண்களை மட்டும் வெட்டிவிடுங்கள். படத்தின் அழகைக் கெடுக்கிறது.

வாட்ச்சா? அது வடிவிடம் இருக்கிறது. தென்காசியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருக்கிறாள். ஆம்பிளை வாட்ச், கைக்குப் பெரிசு, வாரில் கூடுதலாக இரண்டு ஓட்டை போட்டுக் கட்டியிருக்கிறாளாம். காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் காலைவரைக்கும் ஓடுகிறது. எண்ணெய்கூட இன்னும் போடவில்லையாம்.